அண்ணன் கழித்துப்போட்ட பதினோரு டிவிடிகள்

காலேஜை விட்டதிலிருந்து வீட்டில் எந்த வேலை என்றாலும் என் தலையில்தான். இன்றைக்கு அண்ணனின் நானூறு சினிமா டிவிடிகளைப் புது ஷெல்ஃபில் அடுக்கும் வேலை.

அண்ணி கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்த டிவிடிகள் மட்டும் ஆறு மாதமாக அட்டைப்பெட்டியிலேயே கிடந்தன.

"அதையும் சேர்த்து அடுக்குடா" என்றான் அண்ணன்.

பார்த்தால் பதினோரு படங்கள் இரண்டு பேரிடமும் இருந்தன. ஷெல்ஃபிலோ ஒரே படத்தை இரண்டிரண்டாக வைக்க இடமில்லை.

"பரவால்ல தம்பி, என்னுது பொட்டியிலயே இருக்கட்டும்" என்று அண்ணி மூடியைத் தேடினார்.

அண்ணன் பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். ஊசி முனை ஓட்டைகூட அவன் கண்ணுக்குத் தப்பாது. தன் பதினோரு டிவிடிகளையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பூராமே கீறல்டா. ரிஜெக்ட். உங்கண்ணியோடத வெய்யி."

"ஏனுங்க, நெசமாலுமா?"

"பின்ன? எங்கண்ணுக்குத் தெரியாதாக்கும்?"

அதற்குப் பிறகு அண்ணியே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். காலிப் பெட்டியை மடித்துப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டார்.

ரிஜெக்ட் ஆன பதினொன்றையும் என் ரூமில் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றுகூடத் திக்கவில்லை.

யாருக்கு வேண்டும், சொல்லுங்கள். அண்ணிக்குத் தெரியாதபடி மறைத்துத்தான் இந்தப் போஸ்ட்டைப் போட்டிருக்கிறேன். ஷேர் பண்ணித் தொலைத்துவிடாதீர்கள்.