பந்துக்குள் இருந்த நூல்

வகுப்பில் பேத்தி பேச வேண்டிய ஃபோர்ட்ராக், அதாவது உரை, பத்து நிமிடத்துக்குள் முடிய வேண்டுமாம். சுவிஸின் டாவோஸில் எங்கள் சமையலறை மேசையில் முதல் தரம் வாசித்துக் காட்டியபோது பன்னிரண்டு நிமிடம் பிடித்தது. இரண்டு நிமிடம் கூட. எனக்குக் கவலையாகிவிட்டது, மறுபடி வாசிக்கச் சொல்லி மணிக்கூட்டைப் பார்த்திருந்தேன்.

கோல்ஃப் விளையாட்டின் வரலாறு. நான் இருபத்தாறு வருடம் கோப்பை கழுவிய ஹோட்டலுக்கு எதிரே ஒரு கோல்ஃப் திடல் உண்டு. அதனால் அந்தத் தலைப்பு. முதலில் மரப்பந்து, பிறகு இறகு அடைத்த தோல் பந்து, பிறகு மலாயா மரப்பாலில் செய்த பந்து என்று வாசித்தாள். மலாயா என்றதும் நான் மணிக்கூட்டை மறந்தேன்.

பெரியப்பா மலாயா ரயில்வேயில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்று யாழ்ப்பாணம் திரும்பியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைக்காரர்களின் கோல்ஃப் கிளப்பில் யார் எத்தனை அடி அடித்தார்கள் என்று பதிவது அவர் வேலை. அங்கே தமிழர் எழுதலாம், விளையாடக் கூடாது. வரும்போது ஒரே ஒரு பந்து கொண்டுவந்திருந்தார். அதன் மேல் ஊதா மையில் ஒரு திகதி.

பின்னேரங்களில் கைத்தடியைத் தலைகீழாகப் பிடித்து, பந்துக்குப் பதிலாகத் தேசிக்காயை மணலில் தோண்டிய குழிக்கு அடிப்பார். நான் அடிகளை எண்ணுவேன். எனக்கு ஒன்பது வயது.

“அம்பு விடப் பழகாமல் இதை விளையாடுறாங்கள் எண்டு ஸ்கொட்லாந்து ராசா தடுத்தவன். கேட்டாங்களே? பிறகு வந்த ராசாவே விளையாடத் துவங்கீட்டான்!”

அந்தப் பந்தை மட்டும் அவர் அடித்ததேயில்லை. உள்ளே ரப்பர் நூல் சுற்றியிருக்கிறது என்றார்.

“எத்தினை யார் நீளம், பெரியப்பா?”

“ஆர் அளந்தது? நீ அளந்து சொல்லன் மோனை.”

அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் அவர் கோயிலுக்குப் போன நேரம், அப்பாவின் சவர பிளேடால் பந்தைக் கீறினேன். இறுகியிருந்த நூல் அறுந்து அறுந்து துள்ளியது. அறுபத்தொரு துண்டுகள். அடிமட்டத்தால் அளந்து கணக்குக் கொப்பியில் எழுதினேன்: இருபத்தெட்டு யார், இரண்டு அடி. பாராட்டுக்காக வாசலில் காத்து நின்றேன்.

பெரியப்பா கொப்பியை வாங்கி வரி வரியாக விரல் வைத்துப் பார்த்தார்.

“சரியாக் கூட்டினியோ?”

“ரெண்டு தரம்.”

“அப்ப சரி.”

அம்மா அடிக்கக் கையோங்கினார். பெரியப்பாதான் தடுத்தார். பந்தின் ஓட்டில் திகதி இருந்த பாதியை மட்டும் எடுத்துத் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தார். அதன் பிறகு அவர் தேசிக்காய் அடிக்கவில்லை. முழங்கால் வலியாக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

பேத்தி கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தாள்.

“ஒரே அடியில குழிக்குள்ள விழுந்தா அந்தப் பந்தில திகதி எழுதி, சாகுமட்டும் வச்சிருப்பினமாம், அம்மப்பா. ஆனா பாத்த ஆள் ஒருத்தர் இருக்கோணும். இல்லாட்டி பதிய மாட்டினம்.” தாளை மடித்தாள். “இப்ப எத்தினை நிமிசம்?”

நான் பார்த்திருக்கவில்லை.

எல்லாருடைய அடிகளையும் எழுதிய மனிதர், ஆளில்லாத ஏதோ ஒரு நாளில் அடித்த ஓர் அடியை எந்தப் புத்தகத்தில் எழுதியிருப்பார்? பேப்பர் வாசிக்கக் கண்ணாடியை எடுக்கும்போதெல்லாம் அந்த ஓட்டுத் துண்டை ஒருமுறை புரட்டிப் பார்ப்பார். குப்பையை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

“கிடக்கட்டும் மோனை, பாரமில்லைத்தானே” என்றார்.

பாரமில்லை என்றுதான் நானும் நினைத்தேன்.