அடுப்புக் கட்டாத கடை

என் மாமனார் தொடங்கிய சாப்பாட்டுக் கடையில் இரண்டு வருடம் அடுப்பே கிடையாது. பம்ப் ஸ்டவ்தான். பெயர்ப்பலகையும் இல்லை. மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய சாலையோரம், எங்கள் மனையில், நான்கு கம்பு நட்டுக் கீற்றுப் போட்டிருந்தோம். அவ்வளவுதான் நிறுவனம்.

மாமனாரும் மாமியாரும் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். கிளம்பிய அன்று மூத்த மகளின் குழந்தைக்குக் காய்ச்சல். அடுத்த படகில் வருகிறேன் என்று அவள் கரையிலேயே நின்றுவிட்டாள். இளையவள் வந்தாள், எனக்குக் கல்யாணம் ஆயிற்று. போரால் விளைந்த நன்மைகளில் என்னைச் சேர்க்க என் மனைவி இன்றுவரை சம்மதிக்கவில்லை.

2004-ல் அங்கே சண்டை ஓய்ந்திருந்தது. எந்த மாதமும் மகளிடம் திரும்பிவிடலாம், அதுவரை சும்மா இருப்பானேன் என்று திறந்த கடை. இடியாப்பமும், தேங்காய்ப்பாலில் மஞ்சளாய் வைக்கும் சொதியும். உப்பு வார வரும் அக்கா ஒருத்தி முதல் நாளே கேட்டாள்: "இன்னாங்க இது, கொழம்புக்கு மஞ்சக் காமாலையா?" மறுநாள் தூக்குச்சட்டியோடு வந்தாள்.

நகைச்சுவை எழுதுகிறவன் என்பதால் பெயர் வைக்கும் பொறுப்பு எனக்கு. எதைச் சொன்னாலும் மாமனார் தலையாட்டி மறுப்பார். "நாங்கள் போற ஆக்கள், மருமகன். போர்டை ஆர் கழட்டுறது? அடுப்பை ஆர் இடிக்கிறது?"

டிசம்பரில் கடல் வந்து கொட்டகையைக் கொண்டுபோனது. மறுபடி கம்பு நட்டார். அப்போதும் ஸ்டவ்தான்.

"ஏண்ணா, பொங்கலுக்குக்கூட மூணு கல்லு வெக்கறோம். உங்க மாமனாரு இன்னா, ரயிலுக்கு நிக்கறாப்பல நிக்கறாரு?" என்றாள் அக்கா என்னிடம்.

"ரயில் இல்லை பிள்ளை, படகு" என்று மாமனாரே சிரித்தார்.

2006-ல் மறுபடி சண்டை. மூத்தவள் போனில் மாமியாரிடம் சொன்னது ஒன்றே: "இப்ப வராதேங்கோ அம்மா." அதன்பின் அந்த எண் கிடைக்கவேயில்லை.

சில நாள் கடை திறக்கவில்லை. பிறகு ஒரு காலை மாமனார் களிமண் குழைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் குந்தியிருந்த மாமியார், "ரெண்டு வாய் வையுங்கோ. அவள் வந்தா அவளும் சமைக்க வேணும்" என்றார். மாமனார் இரண்டாவது வாயைச் சற்று அகலமாகவே வெட்டினார்.

அடுப்பைப் பார்த்து அக்காவுக்கு ஒரே சந்தோஷம். "இப்பதான் கடை கடையாட்டம் இருக்குது. இனிமே எங்கயும் போவ மாட்டீங்க!"

"ஓம் பிள்ளை" என்றார் மாமனார். என் பக்கம் திரும்பி, "பேர் ஒண்டு வையுங்கோ மருமகன். உங்கட விருப்பம்" என்றார்.

இரண்டு வருடமாகப் பெயர்களாகக் கொட்டியவன் நான். தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று நிறைந்திருந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டேன்.