கறுத்துப்போன வெள்ளி மோதிரம்

முக்குளிப்பவனுக்குத்தான் பேர் கிடைக்கும். படகில் கயிறு பிடிப்பவளை யார் கண்டுகொள்கிறார்கள்? அண்ணி பதினோரு வருடமாகக் கயிறு பிடிக்கிறாள். முக்குளிக்கும் கொழுந்தன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு எல்லோருக்குமே அவள் அண்ணிதான்.

அந்த ஏரி பார்க்கத்தான் சாது. மேலே கண்ணாடித் தண்ணீர். பதினைந்து மீட்டர் ஆழத்தில் பால் கொட்டியது போல் ஒரு கலங்கல். அதற்கடியில் தண்ணீரோடு கரைந்து கிடக்கிறது விஷவாயு; தோல் வழியாக ஏறி, மூச்சிலேயே அழுகிய முட்டையாக நாறும். அந்தத் தண்ணீர் பட்டுத் தன் வெள்ளி மோதிரம் கறுத்ததைக் கண்ட நாளிலிருந்து, அதைப் பளபளவெனத் தேய்த்துக் கொழுந்தனின் கையுறைமேல் கட்டியனுப்புவது அண்ணியின் வழக்கம். கறுத்தால் ஏறிவிட வேண்டும்.

அன்று ஏரித் தண்ணீரை ஆராய வந்த ஆய்வாளருக்குக் கலங்கலுக்கு அடியிலிருந்து ஒரு புட்டித் தண்ணீர் வேண்டியிருந்தது.

"என்ன அண்ணி, மாப்பிள்ளைக்குப் போடற மாதிரி மோதிரம் போடறீங்க?"

"முதல்ல உசுரோட மேல வா. பொண்ணு அப்புறம் பாக்கலாம்."

அவள் கயிற்றை ஒரு தடவை இழுத்தால் அவனும் ஒரு தடவை இழுக்க வேண்டும். கலங்கலைத் தாண்டியதும் பதில் தாமதமாக வந்தது. அடுத்த பதில் இரண்டு இழுப்பாக வந்தது. அண்ணி யோசிக்கவில்லை, இழுக்கத் தொடங்கினாள்.

"புட்டி இன்னும் நிரம்பியிருக்காதேம்மா!" ஆய்வாளர் பதறினார்.

"புட்டி நாளைக்கும் நிரம்பும் சார்."

உள்ளங்கை உரிந்தது. ஆனாலும் கை மாற்றிக் கை, ஒரே சீராக இழுத்தாள். மேலே வந்தவன் குடிகாரன் போலத் தள்ளாடி வாந்தியெடுத்தான். ஆக்சிஜன் வைத்து அரைமணி கழித்துத்தான் வாய் திறந்தான்.

"எதுக்கு இழுத்தீங்க? முதல்ல நாறுச்சு, அப்புறம் சுத்தமா நின்னுடுச்சு. இனி பயமில்லன்னு நினைச்சேன்."

"நாத்தம் நிக்கலடா, உன் மூக்கு செத்துப்போச்சு. மோதிரத்தைப் பாக்கலையா?"

"அந்தக் கலங்கல்ல என் கையே எனக்குத் தெரியல அண்ணி."

மோதிரம் கரியாகியிருந்தது. அண்ணி அதை அவன் கையுறையிலிருந்து அவிழ்த்தாள்.

"அப்ப தப்பு என்னோடதுதான்," என்றாள். "கண்ணு தெரியாத இடத்துக்கு அடையாளத்தைக் கட்டி அனுப்பியிருக்கேன். சார், இனி இவன் கலங்கலுக்குக் கீழ இறங்கமாட்டான்."

மறுநாள் புட்டியின் அடியில் ஈயக்குண்டும் கழுத்தில் கயிறும் மூடியில் தனிக்கயிறும் கட்டி அவளே இறக்கினாள். கலங்கலுக்குக் கீழே போனதும் தனிக்கயிற்றைச் சுண்டி மூடியைத் திறந்தாள். நிரம்பியதைக் கயிற்றின் கனத்திலேயே அறிந்தாள். தண்ணீர் வந்தது, ஆய்வாளர் புட்டியை இரு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"இது தெரிஞ்சிருந்தா நேத்தே செஞ்சிருக்கலாமே!" என்றான் கொழுந்தன்.

"நேத்து நீ மேல வர்றதுதான் எனக்கு வேலையா இருந்துச்சு," என்றாள் அண்ணி, கட்டுப்போட்ட கையால் கயிற்றைச் சுருட்டியபடி.