என் பெயரில் திறந்த நான்கு கணினிகள்

எண்பதுகளின் கடைசியில் கோலா சிலாங்கூரில், தோட்டங்களை நிர்வகிக்கும் ஓர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். நான்கு கணினிகள். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஏர்கோன் அறையில் ஒரு சர்வர். அதைப் பொருத்த வந்தவர் தலையணைப் பருமனில் ஓர் ஆங்கிலப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுக் கோலாலம்பூருக்குத் திரும்பிவிட்டார். அதைப் படித்துக் கரைகண்டது ஒரே ஓர் ஆள். என்னைவிட மூன்று வயது மூத்தவள், தோட்டத்துப் பெண். அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

சர்வரில் அவள் எழுதிவைத்த லோகின் ஸ்கிரிப்ட் நாற்பது வரி இருக்கும். காலையில் பெயரையும் பாஸ்வோர்டையும் அடித்தால் போதும். அது தானாக ஓடி, அவரவர் கோப்புகளையும் பிரிண்டரையும் தயாராக வைத்துவிடும். "பெரட்டு மாதிரிதான்லா. பேரைக் கொடுத்தா யாருக்கு எந்த நெரைன்னு சொல்லிடும்" என்றாள். தோட்டத்தில் விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மர வரிசை என்று வேலை பிரிப்பார்களே, அந்தப் பெரட்டு. எனக்கென்று தனியாக இரண்டு வரி எழுதியிருந்தாள். என் கடிதங்களை அன்றன்றே அச்சடித்துவிடுவேன்; டிஸ்கில் இடம் குறைவு என்பதால், என் பெயரில் இருக்கும் முந்தின நாள் கோப்புகளை எல்லாம் அது காலையில் அழித்துவிடும்.

நான் சுங்கை செம்பிலாங்கிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள். முதலில் வருகிறவர் விளக்கு, ஃபேன், சன்னல் எல்லாவற்றையும் மற்றவர்களுக்கும் சேர்த்துத் திறந்துவைப்பது எங்கள் வழக்கம். ஒரு புதன்கிழமை, பெரிய உபகாரம் செய்வதாக நினைத்துக்கொண்டு நான்கு கணினிகளையும் என் பெயரிலேயே திறந்துவைத்தேன். புத்திசாலி!

அன்று முழுக்க எங்கள் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி அவற்றில் ஒன்றில் உட்கார்ந்து, மூடப்போகும் ஒரு தோட்டத்தில் வீட்டுமனை கேட்டிருந்த குடும்பங்களின் பட்டியலை அடித்தார். மறுநாள் பத்து மணிக்கு மேனேஜர் அதைக் கூட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பட்டியலில் இல்லாதவர்களுக்கு மனை கிடையாது.

வியாழன் காலை நான் என் பெயரை அடித்தேன். என் கடிதங்களோடு, என் பெயரிலேயே பதிவாகி இன்னும் அச்சடிக்காமல் இருந்த பட்டியலும் போயே போய்விட்டது. நகல் எடுப்பது சனிக்கிழமைகளில்தான். கிராணி பார்த்து அடித்த பதிவேடுகளோ முந்தின மாலையே தோட்டத்துக்குத் திரும்பியிருந்தன.

யார் செய்தது என்று மேனேஜர் கேட்டார். "என் ஸ்கிரிப்ட்தான் சார். ஒரே பேருல நாலு பேரு நுழையலாம்னு விட்டது என் தப்பு" என்றாள் அக்கா. நான் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கோழைத்தனம் இன்னமும் உறுத்துகிறது.

பிறகு கிராணியிடம் திரும்பி, பெரட்டில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிடச் சொன்னாள். இருபது வருஷம் அதே தோட்டத்தில் பெரட்டு எடுத்தவர் அவர். எழுந்து நின்று கண்ணை மூடிக்கொண்டார். தோட்டத்து வீட்டு வரிசைகளில் முதல் லயம், முதல் வீடு என்று வரிசையாக வந்தன பெயர்கள். அவள் அடித்துக்கொண்டே போனாள். அந்த இருவரையும் பார்த்து மலைத்துப்போய் நின்றேன்.

ஒன்பதே முக்காலுக்குப் பட்டியல் புறப்பட்டது. மத்தியானத்துக்குள் ஒரு பெயருக்கு ஒரு கணினிதான் என்று சர்வரில் மாற்றியும் விட்டாள். ஆனால் எனக்கு மறக்காதது ஐந்தாவது லயம். ஒரு பெயரைச் சொல்லிவிட்டுக் கிராணி கண்ணைத் திறந்தார்.

"இது உங்கம்மாதானேம்மா?"

"ஆமாங்கய்யா. அடுத்த வீடு?" என்றாள். விரல்கள் நிற்கவில்லை.