தூணில் இருந்த சாமியும் தொங்கவேண்டிய கேபிளும்

யுத்த காலம். அடையாற்றில் ஒரு லாரி ரிப்பேர் பட்டறையில் நான் வயர்மேன். அதுவரை கயிறு கட்டி எஞ்சினைத் தூக்கிக்கொண்டிருந்த இடத்தில் மின்சாரக் கிரேன் வந்து சேர்ந்தது. கூரைக்கடியில் இரும்பு உத்திரத்தைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஓடும். ஓடுகிற யந்திரத்துக்குச் சுவரில் அடிக்கிற வயர் உதவாது. கூடவே ஓடி, மடங்கி, நீளுகிற ரப்பர் கேபிள் வேண்டும். அந்த நாளில் ரப்பர் எங்கே கிடைத்தது? முதலாளி யார் யார் காலையோ பிடித்து ஒரே ஒரு துண்டு வாங்கி வந்தார். என் கையில் கொடுக்கும்போதே, "இது போச்சுன்னா நீயும் அதோட போயிடு" என்றார். மயிலாப்பூர் வீட்டில் நாலு வயிறு. நன்றாகவே விளங்கிற்று.

மாட்டுகிற விதம் இதுதான். உத்திரத்தின் பக்கத்தில் ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, அதில் வளையங்களைக் கோத்து, வளையத்துக்கு வளையம் கேபிளைத் தாராளமாகத் தொங்கவிடவேண்டும், தோரணம் மாதிரி. கிரேன் எட்டப் போனால் தோரணம் நீளும். திரும்பி வந்தால், கரண்ட் வருகிற தூண் ஓரமாகத் தொங்கல்கள் எல்லாம் வந்து குவியும்.

அந்தத் தூணில்தான் முருகன் படம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை நானே மாட்டினது. பூவும் விபூதியும் என் கைங்கரியம். கிரேனை ஓட்டிப் பார்த்தபோது அந்தக் கறுப்பு ரப்பர் சாமி முகத்தைத் தடவிக்கொண்டு போயிற்று. உடனே கிரேனை நிறுத்தச் சொன்னேன்.

கிரேன் ஓட்டுகிற பாய் திருவல்லிக்கேணிக்காரர், என் வயசுதான். "இன்னா நைனா, படத்தை அந்தாண்ட செவுத்துல மாட்டு. சாமி ஒண்ணும் கோச்சுக்காது" என்றார்.

"மாட்டின சாமியை ஒரு வயருக்காகக் கழட்டறதா? அபசாரம், பாய்."

"அப்போ வயருக்கு அபசாரம் பண்ணப் போறியா?"

பண்ணினேன். தூண் பக்கத்துத் தொங்கலைச் சுருக்கி, படத்துக்கு மேலே முழங்கை மாதிரி மடக்கி, கிளாம்பு போட்டு இறுக்கிவிட்டேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. கிரேன் ஓடும்போதெல்லாம் அந்த ஒரே இடம் மடங்கி மடங்கி நிமிர்ந்தது.

ரெண்டாம் மாசம் ஒரு நாள், பாய் ஒரு எஞ்சினைத் தூக்கிக்கொண்டு தூண் பக்கமாக வந்தார். ரப்பருக்குள்ளே செப்பு இழைகள் அறுந்து, கிரேன் படக்கென்று நின்றது. எஞ்சின் ஊஞ்சல் மாதிரி ஆடி, முருகன் முகத்துக்கு ஒரு சாண் தூரம் வரை போய்த் திரும்பிற்று.

ஆட்கள் போட்ட கூச்சலில் முதலாளி ஓடிவந்தார். எஞ்சின் இன்னும் படத்துக்கு எதிரே ஆடிக்கொண்டிருந்தது. வேலை போயிற்று என்று நின்றேன். அவரோ செருப்பைக் கழற்றிவிட்டு, படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இன்னும் ஒரு சாண் வந்திருந்தா? நிறுத்திட்டான்யா!"

செய்த தப்பைச் சாமி பேரில் எழுத மனசு ஒப்பவில்லை. "நான் மடக்கிக் கட்டினதாலே உள்ளே அறுந்துபோச்சுங்க. தப்பு என்னோடது" என்றேன்.

"அறுந்தது தெரியுதுப்பா. சரியா இந்த இடத்துல, இந்த நேரத்துல அறுத்தது யாரு?"

பாய் தாடியைத் தடவிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"இவ்வளவு சக்தி உள்ள படம் கிரீஸ் நாத்தத்துல இருக்கலாமா?" என்று மறுநாளே முதலாளி, மேளம் ஒன்றுதான் குறை, படத்தைத் தி. நகர் வீட்டுப் பூஜை அறைக்குக் கொண்டுபோய்விட்டார். வயருக்காகக் கழற்றமாட்டேன் என்று நான் பிடிவாதம் பிடித்த படம், பக்தியால் கழன்றது. அறுந்த இடம் தூண் முனையிலேயே இருந்ததால் ஒரு முழம் வெட்டிவிட்டு, மிச்சத்தைத் தாராளமாகத் தொங்கவிட்டு மாட்டினேன். கேபிளும் பிழைத்தது, நானும் பிழைத்தேன்.

வெள்ளிக்கிழமை பழக்கத்தில் பூவோடு போய்த் தூணைப் பார்த்துக் கைகூப்பினேன். ஆணி மட்டும் இருந்தது. அதன் முன்னால் தொங்கல்கள் அசைந்துகொண்டிருந்தன.

"இன்னா நைனா, கேபிளைக் கும்பிட்டுக்கினு கீறே?"

"ஆமாம் பாய். மன்னிப்பு அதுகிட்டதானே கேக்கணும்."

பூவை ஆணியிலேயே மாட்டினேன். பாய் கிரேனைக் கிளப்பினார். கேபிள் பூவை உரசிக்கொண்டு போயிற்று. இந்தத் தடவை நான் நிறுத்தச் சொல்லவில்லை.