ஒரு பந்து பிந்திய போர்டு

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. எழுந்து நடக்கிறேன், லேப்டாப்பைத் திறக்கிறேன், மூடுகிறேன்... காரணம் ஒரு பட்டாசு. அதுவும் திரையில் வெடிக்கிற பட்டாசு!

கந்தப்பளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சாஃப்ட்பால் கிரிக்கெட் ஃபைனல். ஸ்கோர் போர்டுக்கு நான்தான் ஒரு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்திருந்தேன். கரும்பலகைக்குப் பதிலாக டீவி. வழக்கமாக ஸ்கோரைக் கத்திச் சொல்ல ஒருவர் இருப்பார். அதுதான் டீவி இருக்கிறதே என்று இம்முறை அவரை உட்காரவைத்துவிட்டோம்.

வேலை சுலபம்தான். திரையில் திறக்கிற புரோகிராம் ஜன்னலில் பல பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் புரோகிராமில் ஒரு பெயர். ‘தேவை’ என்ற பெட்டியைத் தேடிப் பிடி, உள்ளே இருக்கிற எண்ணை மாற்று — அவ்வளவே. இதோடு நிறுத்தியிருக்கலாம். நம்மால் முடியுமா? ஃபோர் அடித்தால் திரை முழுக்கப் பட்டாசு வெடிக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

கடைசி ஓவர். பனிமூட்டம் இறங்கிவிட்டது, ஸ்பீக்கரில் பாட்டு அலறுகிறது. இரண்டு பந்து மிச்சம் இருக்கும்போது விக்கெட் விழ, சதீஷ் ஓடி வந்தான். கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறவன். முதலாளியிடம் கெஞ்சி லீவு வாங்கி இந்த மேட்சுக்காகவே வந்திருந்தான். எத்தனை ரன் தேவை என்றுகூடப் பார்க்காமல், வந்ததும் ஒரு ஃபோர். பந்து தேயிலைக்குள் போய்விட்டது. தேடினால் இருட்டிவிடும் என்று உடனே வேறு பந்தைக் கொடுத்தார்கள்.

சதீஷ் டீவியைப் பார்த்தான். பட்டாசு வெடிக்கிறது. மூலையில் ‘தேவை: 5’. பட்டாசு வந்துவிட்டால் எண்ணும் மாறியிருக்கும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? ஒரே பந்து... சிக்ஸ் அடித்தே ஆக வேண்டும். தூக்கினான். பவுண்டரியில் கேட்ச்.

அப்போதுதான் பட்டாசு ஓய்ந்தது. சாவகாசமாக எண் மாறியது. ‘தேவை: 1’.

எனக்குச் சட்டென்று புரிந்தது. எண்ணை மாற்றச் சொன்னதும் திரை மாறிவிடாது. கம்ப்யூட்டர் கையிலிருக்கிற வேலை முடிந்த பிறகுதான் ஜன்னல் புதிதாக வரையப்படும். இங்கே கையிலிருந்த வேலை — என் பட்டாசு! எண்ணை மாற்றியதும் ‘இப்போதே வரை’ என்று ஒரு வரி போட்டிருந்தால் போதும். மறுநாள் போட்டேன். யாருக்கு லாபம்?

மைதானமே சதீஷைப் பிடித்துக்கொண்டது. ஒரு ரன் போதுமான இடத்தில் ஹீரோ வேலை காட்டினானாம். கொழும்புத் திமிராம்.

அவன் நேராக என் மேசைக்கு வந்தான்.

“அக்கா, போர்டுல அஞ்சுன்னுதானே இருந்துச்சு?”

ஆமாம், என் பிழைதான் என்றேன். மேட்ச் கமிட்டியிடம் கூட்டம் கலைந்த பிறகு ஆறுதலாக விளக்குகிறேன் என்றும் சொன்னேன். அந்தக் கூட்டத்தின் முன்னால் எழுந்து நிற்கப் பயம், வேறென்ன?

“இப்பவே மைக்ல சொல்லிருங்கக்கா. நான் இன்னைக்கே பஸ் ஏறிருவேன். எங்கப்பா இந்தத் தோட்டத்து லயத்துலதானே இருக்கணும்?”

திரும்பிப் பார்த்தேன். பெஞ்சில் அவன் அப்பா தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார்.

மைக்கை வாங்கிச் சொன்னேன். சதீஷ் பார்த்தது அஞ்சுதான், போர்டுதான் பிழை, அதை எழுதியது நான். உடனே மொத்தக் கூட்டமும் என் பக்கம் திரும்பியது. கம்ப்யூட்டர் படித்த லட்சணத்தைப் பார் என்றார்கள். கோப்பையை நீயே வாங்கித் தா என்றார்கள். எல்லோரையும்விடப் பெரிய குரலில் ஏசியது யார் தெரியுமா? சதீஷின் அப்பா — பெஞ்சிலிருந்து எழுந்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு!

அன்று எனக்குக் கிடைத்த ஒரே நிம்மதி, அந்த ஏச்சுதான்.