ஓர் எழுத்துக்கு நான் போட்ட கூச்சல்

போன வாரம் ஒரு காலை. ஐந்தருவியில் சிப்ஸ் கடை வைத்திருக்கும் முருகேசன் போன் செய்தார்.

"அண்ணாச்சி, புது லேப்டாப்புல அந்த லேபிள் ஆப் ஏற மாட்டேங்கு. சிவப்புல என்னமோ எழுதுது!"

அருவியில் சீசன் நேரம். லேபிள் ஒட்டாமல் பாக்கெட்டை எப்படி விற்பது?

அந்த ஆப்பை எழுதியவர், செங்கோட்டையில் ஜெராக்ஸ் கடை நடத்தும் கோமதி. தமிழிலும் மலையாளத்திலும் லேபிள் அடித்துத் தரும். இலவசம். எழுதியவர் யார் என்று உறுதி சொல்லும் டிஜிட்டல் கையெழுத்து மட்டும் கிடையாது. விண்டோஸ் அதைச் சந்தேகமாகத்தான் பார்க்கும். இப்படிப்பட்ட ஆப்களைப் பிடித்து, ஒரே வரிக் கட்டளையில் இறங்குகிற மாதிரி பேக்கேஜ் மேனேஜர் என்கிற ஆப் பட்டியலில் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. கோமதியிடம் கேட்டேனா? இல்லை. 'அதிகாரபூர்வமற்றது' என்று ஓரமாக எழுதிவிட்டால் போதாதா...

சேர்க்கும்போது ஃபைலின் கைரேகை மாதிரி ஒன்றைக் குறித்து வைப்போம். ஃபைலில் ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை பொருந்தாது, இன்ஸ்டால் நின்றுவிடும். அன்று நின்றது அதனால்தான். வெர்ஷன் நம்பர் அதே — கைரேகை வேறு!

பதறிவிட்டேன். 'வைரஸாக இருக்கலாம், யாரும் போடாதீர்கள்' என்று பேக்கேஜ் பக்கத்தில் எழுதினேன். கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். ஊரைக் காப்பாற்றிய திருப்தியில் ஒரு டீ குடித்தேன்.

மதியம் கோமதியே அழைத்தார்.

"என் ஆப்புல வைரஸ்னு சொன்னது நீங்கதானா அண்ணாச்சி? கடைல பென்டிரைவ் குடுக்கவே பயப்படுதாவ!"

"வெர்ஷன் மாறலையேம்மா... ஃபைல் மாறியிருக்கே?"

"மலையாளத்துல நேந்திரங்காய்க்கு 'ஏத்தக்கா'ம்பாவ, அதுல ஓரெழுத்து தப்பு. திருத்தி, பழைய ஃபைல் மேலயே போட்டுட்டேன். ஓரெழுத்துக்கெல்லாமா நம்பர் மாத்துவாவ?"

போனை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

தென்காசியில் பஸ் ஏறினேன். செங்கோட்டைக் கடையில், ஜெராக்ஸ் எடுக்க நின்ற நாலு பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். கோமதி உம்மென்றுதான் இருந்தார்.

"சேக்கும்போதுதான் கேக்கல. வைரஸ்னு எழுதும்போதாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

நியாயம்தானே?

அங்கேயே உட்கார்ந்தோம். அவர் புது வெர்ஷன் நம்பர் போட்டார். நான் புதுக் கைரேகையைச் சேர்த்தேன். வாட்ஸ்அப் குழுவில் 'தப்பு என்னுடையது' என்று எழுதினேன். கொஞ்ச நேரத்தில் முருகேசனிடமிருந்து குரல் செய்தி: "ஏறிட்டு அண்ணாச்சி! லேபிளும் அடிச்சாச்சு!"

அதைக் கேட்டதும் கோமதி சிரித்துவிட்டார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். கோமதியின் போன் நம்பர் அந்த ஆப்பின் முதல் திரையிலேயே இருக்கிறது... நான்தான் அதை ஒருநாளும் திறந்தே பார்த்ததில்லை!